அன்று நீங்கள் அவுட்தான்

கொடியில் உங்கள் முகம் காய்ந்துகொண்டிருக்கிறது. நேற்று நான் போட்டிருந்த சட்டைதான், காலையில் துவைத்துப் போட்டேன். துவைத்த பிறகும் பிரிண்டிங் பேஸ்ட்டின் வாடை போகவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. இந்த வாடைக்குள்தான் தினமும் வேலை செய்கிறேன், எனக்கு அது தெரிவதே இல்லை. இன்றைக்கு மட்டும் தலை வலிக்கிறது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போய்ச் சேர்ந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லதையெல்லாம் நேற்று மைக்கில் சொல்லி முடித்துவிட்டார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

கோபத்தோடு உட்கார்ந்தும் ‘நீங்கள்’ என்றுதான் வருகிறது, பாருங்கள். ‘நீ’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். கை கூசியது, அடித்துவிட்டேன். நம் பக்கத்தில் சண்டைக்காரனைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். அதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. உங்கள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்துவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன்.

போன மாதம் குமார் திருப்பூர் நெருப்பெரிச்சலுக்கு வந்தான், நான் வேலை செய்யும் பிரிண்டிங் யூனிட்டுக்கு. உங்கள் விக்கெட் கீப்பர் குமார்தான். நீங்கள் பேட்டைத் தரையில் தட்டினால் அவன் கிளவுஸைத் தட்டுவான், அந்தக் குமார். உங்கள் பெயரில் நினைவுக் கோப்பை நடத்தப் போகிறார்களாம். ஆடுகிற எல்லா டீமுக்கும் அம்பயருக்கும் நெஞ்சில் உங்கள் முகம் போட்ட சட்டை. எங்கள் ஓனர் ஆர்டரை வாங்கி, நேராக என் டேபிளுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு எதிரே நின்று வேலை செய்யும் பீகார்ப் பையன் முன்னா, ஸ்கிரீனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “யே கோன் ஹை பாய்? நேதா?” என்றான். அரசியல்வாதியா என்று கேட்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, உங்கள் சிரிப்பு அப்படி. “கேப்டன்” என்றேன்.

முதலில் வெள்ளை. அப்புறம் தோல் நிறம். கடைசியில் கறுப்பு. மீசை விழுந்த பிறகுதான் நீங்கள் நீங்களாக ஆனீர்கள். மார்பில் கைகட்டி நின்று குமார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண் கலங்கியது. அழுகை பொய்யில்லை, அவனுக்கு நீங்கள் உயிர்.

“பைனலுக்கு நீதான் அம்பயர் நிக்கோணும் அருளு. ஊருக்குள்ள பழசெல்லாம் தீந்துருச்சுன்னு நாலு பேருத்துக்குத் தெரியோணும்” என்றான்.

“பழசு என்ன இருக்குது, குமாரு?”

“அட, மனசுல வெச்சுக்காத. அண்ணனே உன்னய எப்பவோ மன்னிச்சுட்டாரு. எங்கிட்டயே சொல்லீருக்காரு.”

பேஸ்ட் இழுக்கும் ரப்பர் கட்டையை ஒரே அழுத்தாக அழுத்தி இழுத்தேன். அந்தச் சட்டையில் உங்கள் மீசை வாய் வரைக்கும் வழிந்துவிட்டது. ரிஜெக்ஷனில் தூக்கிப் போட்டேன். முன்னா என்னைப் பார்த்துவிட்டு அடுத்த சட்டையை விரித்தான்.

மன்னித்தீர்களாம். எதை மன்னித்தீர்கள்? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் பன்னிரண்டு வருடமாக உங்கள் ஊரில் நடக்கிறேன். ‘உங்கள் ஊர்’ என்று கை தானாக எழுதுகிறது. காலனியும் அதே ஊர்தான். ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது.

அந்த வருடத்து சீசனை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். தை பிறந்ததும் சுற்றுவட்டாரக் கிளப்புகள் சேர்ந்து லீக் வைத்தார்கள். ஞாயிறு தவறாமல் மேட்ச். சோமனூர்ப் பக்கம் போனோம், மங்கலம் போனோம், உங்கள் கம்பெனி டெம்போவில் பனியன் பண்டல்கள் மேல் உட்கார்ந்து போனோம். நம் கிரவுண்டு வற்றிய குளத்துக்குள்ளே. கரையோரம் ஒரு தறிக்கூடம். அந்தத் தறிக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார், நாள் முழுக்கத் தடதடவென்று ஓடும். குளத்துக்குள் நின்று பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். நீங்கள் மட்டும் கத்தமாட்டீர்கள். பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு, காதருகே சொல்வீர்கள். ஏதோ நமக்கென்று தனியாகச் சொல்கிறார் என்று எங்களுக்கெல்லாம் பெருமையாக இருக்கும். கேனையன்கள்.

டீமில் காலனிக்காரர்கள் நான்கு பேர். நான்கு பேரும் பந்து போடுகிறவர்கள். பேட்டிங்கில் எட்டாவதிலிருந்து பதினொன்று வரை நாங்கள்தான். யாரும் சட்டம் போடவில்லை, சீசன் முழுக்க அப்படியே அமைந்தது. உங்கள் பேட்டை யாரும் தொடக்கூடாது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆடி முடித்ததும் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவீர்கள், அவ்வளவுதான். பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டு உருளை இழுக்கும்போது மட்டும் பேட்டிங் ஆர்டர் தலைகீழாகிவிடும். அப்போது நாங்கள்தான் ஓப்பனிங்.

பேட்டிங் செய்கிற டீம்தான் அம்பயர் தர வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். கடைசியில் இறங்குகிறவனுக்குத்தானே அதுவரை வேலை இல்லை? அதனால் நம் டீம் ஆடும்போதெல்லாம் நானும் இன்னொருவனும் தொப்பியை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்போம். காலையில் பந்து போட்ட அதே ஆட்கள், மத்தியானம் உங்கள் ரன்னுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்போம். இதில் எழுதாத ஒன்று எல்லாருக்கும் தெரியும். போல்டானால் அவுட். ஊரறிந்த கேட்சானால் அவுட். பேட்டில் லேசாக உரசிக் கீப்பரிடம் போனால், சொந்த டீம் அம்பயர் வானத்தைப் பார்ப்பான். எல்லா டீமும் அப்படித்தான் பார்க்கும். அடுத்தவனுக்கும் அதே வானம் என்பதால் பெரிதாகச் சண்டை வராது.

நீங்கள்தான் அதை மாற்றினீர்கள். சோமனூர்ப் பக்கம் ஆடிய மேட்சில் ஒரு ரன் அவுட்டுக்குப் பெரிய தகராறு ஆகி, பாதியில் கிளம்பி வந்தோமே, அதற்கடுத்த ஞாயிறு குளத்துக்குள் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தீர்கள். எதிர் டீமையும் கூப்பிட்டீர்கள், கேட்கட்டும் என்று. “நம்ம டீமு அம்பயரிங்கப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாது. அவுட்டுன்னா அவுட்டுதான். நானா இருந்தாலும் சரி” என்றீர்கள். கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அதற்குப் பிறகு ஒரு மேட்சில் குமாருக்கே ரன் அவுட் கொடுத்தேன். அவன் முறைத்துக்கொண்டு போனான். நீங்கள் எதிர் டீம் கேப்டனைப் பார்த்து, “அதானுங்க எங்க டீமு” என்று சிரித்தீர்கள். சுற்றுவட்டாரத்தில் உங்களுக்கு நேர்மையான கேப்டன் என்று பெயர் வந்தது. வாங்கிக் கொடுத்தது என் விரல். அதையும் எழுதிவைக்கிறேன்.

பைனல் அன்று காலையில் நான் ஒன்று கேட்டேன். சீசன் முழுக்க நான்தான் அதிக விக்கெட் எடுத்திருந்தேன். இன்றைக்கு ஒரு தடவை நான்காவதாக இறங்குகிறேன் என்று கேட்டேன். எல்லார் முன்னாலும்தான் கேட்டேன், அதுதான் பிசகாகிப் போனது. நீங்கள் தோளில் கை போட்டீர்கள். “பந்து போட்ட கை அலுத்துப்போயிருக்குமே கண்ணு. நீ நில்லு, நாங்க பாத்துக்கறோம்” என்றீர்கள். யாரோ சிரித்தார்கள். என் முகம் மாறியது எனக்கே தெரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பின்னால் அவர்கள் எல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் நம் பேட்டிங். பௌலர் பக்கம் நான் நிற்கிறேன். நீங்கள் செட்டாகிவிட்டீர்கள். அருமையாகத்தான் ஆடினீர்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் நீங்கள் நின்றால் கோப்பை நமக்கு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்து ஒன்று, நீங்கள் கட் அடிக்கப் போனீர்கள். பந்து பேட்டின் மேல் ஓரத்தைத் தாண்டும்போது ஒரு நூல் அளவு திரும்பி எதிர் டீம் கீப்பர் கையில் போய் உட்கார்ந்தது. அடுத்த நொடி நீங்கள் என்ன செய்தீர்கள் தெரியுமா? என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் கீப்பரைப் பார்த்தீர்கள், பிடித்தானா என்று. பேட்டில் படாதவன் எதற்காகக் கீப்பரைப் பார்க்கிறான்?

எதிர் டீம்காரர்கள் அரைமனதாகத்தான் அவுட் கேட்டார்கள். தறிச் சத்தத்தில் அவர்களுக்கே நிச்சயமில்லை. வானத்தைப் பார்த்திருந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். விரலைத் தூக்கினேன்.

தூக்கும்போது சந்தோஷமாக இருந்தது. மறைக்கமாட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் சந்தோஷத்துக்காகத் தூக்கவில்லை. நீங்கள் அவுட், அதனால் தூக்கினேன். ஒரு மனிதன் சரியானதைச் செய்யும்போது அவனுக்குக் கூடவே கொஞ்சம் சந்தோஷமும் கிடைத்தால் அது குற்றமா? இந்த ஊரில் குற்றம்.

நீங்கள் ஒரு கணம் நின்றீர்கள். பேட்டின் ஓரத்தைப் பார்த்தீர்கள். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனீர்கள். போகிற போக்கில், “படலியே கண்ணு” என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கும்படி. எதிர் டீம் கேப்டன் ஏதோ சொல்ல வந்தார். அவரிடம், “பரவால்லீங்க, அம்பயரு சொல்லீட்டாருங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தீர்கள். கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அப்புறம் நம் ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். தொப்பியைக் கழற்றி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். எதிர்முனையில் நின்றேன், எனக்கு ஒரு பந்துகூட வரவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச ரன்னில்தான் தோற்றோம். வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. நீங்கள் மட்டும் நிதானமாகச் சொன்னீர்கள்: “பேட்ல படவே இல்ல. காத்தால கேட்டதக் குடுக்கலீன்னு அவனுக்கு எம்மேல கோவம். பாவம், சின்னப் பையன், விடுங்க.”

பாவம், விடுங்க. நீங்கள் நான்கு கெட்ட வார்த்தை சொல்லி, பேட்டை எடுத்து அடித்திருந்தால்கூட எனக்குச் சாட்சி இருந்திருக்கும். இந்த இரண்டு வார்த்தைக்கு யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். இதில் தப்பே இல்லையே! பெருந்தன்மை அல்லவா இது? அன்றோடு எனக்கு வேறு பெயர் கிடையாது. கோபத்தில் கேப்டனுக்கு அவுட் கொடுத்தவன். டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், “இவருதானுங்க அந்த அம்பயரு” என்று அறிமுகம். என்னை அடுத்த மேட்சுக்குக் கூப்பிடவில்லை. டீம் சட்டையைத் துவைத்துக் கொடுத்துவிடச் சொல்லி ஆள் வந்தது.

அது போகட்டும். கிரிக்கெட் இல்லாமல் இருந்துவிடலாம். என் அம்மாவைச் சொல்கிறேன்.

உங்கள் பனியன் கம்பெனியில்தான் அவள் செக்கிங்கில் இருந்தாள். பைனல் முடிந்து கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் அவளிடம், “ஆர்டர் கொஞ்சம் டல்லுங்கம்மா. கூப்புடறப்ப வாங்க” என்றாராம். கூப்பிடவே இல்லை. நீங்கள் சொல்லித்தான் அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மாதிரி ஆட்கள் சொல்ல வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்துச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்மா திருப்பூருக்குள் வேறு கம்பெனி பிடித்தாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே வந்தாள். கால் வீங்கிப் போகும். ஒருநாள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“நெசமாலுமே பட்டுச்சா கண்ணு?”

“பட்டுச்சும்மா.”

“அந்தத் தறிச் சத்தத்துல உனக்கு எப்பிடிக் கேட்டுச்சு?”

“கேக்கலம்மா. பாத்தேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கோபம் அவளுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து தெரியும். “அந்தத் தம்பி பொய் சொல்ற ஆளில்லையேப்பா. என்னய எப்பப் பாத்தாலும் நின்னு பேசும்” என்றாள். அப்புறம் என் தலையில் கை வைத்து, “சரி போ. கோவத்துல கையத் தூக்கீட்ட. நான் மன்னிச்சுட்டேன். கர்த்தரும் மன்னிப்பாரு” என்றாள்.

வீங்கிய காலோடு உட்கார்ந்திருப்பவளிடம் என்ன வழக்காடுவது? ஆனால் அவள் அதோடு விடவில்லை. சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில், விண்ணப்பம் சொல்லும் நேரத்தில், எழுந்து நின்று முக்காட்டைச் சரி செய்துகொண்டு, “எம்மகனோட கோவம் தணியோணும், எல்லாரும் ஜெபிச்சுக்குங்க” என்பாள். சபையே கண்ணை மூடும். கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், நான் மட்டும். என் கோபத்துக்கு வருடக்கணக்கில் இந்த ஊரில் ஜெபம் நடந்திருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? போன வருடத்துக்கு முந்தின வருடம் அவள் இறந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னதும் அதுதான். “யாருகிட்டயும் கோவப்படாத சாமி.”

நீங்கள் அதற்கு அடுத்த வருடம் போனீர்கள். ஒரே மாரடைப்பு, காரிலேயே. உங்கள் வீட்டுக்கு நான் வரவில்லை. மெயின் ரோட்டில் ஊர்வலம் போகும்போது, பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது உங்கள் வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டைகள் பாதி முடிந்திருந்தபோது அவர் எங்கள் யூனிட்டுக்கு வந்தார். கம்பெனியை இப்போது அவர்தான் பார்க்கிறார். பிரிண்ட் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். உங்கள் மீசையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார், ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

“நல்லா வந்திருக்குதுங்க” என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “அண்ணன் என்னய மன்னிச்சுட்டாருன்னு குமாரு சொன்னானுங்க” என்றேன். “என்னத்துக்குன்னு உங்களுக்காவது தெரியுமுங்களா?”

அவர் சட்டையை மடித்தார். பனியன் கம்பெனிக்காரர்கள் மடிப்பதுபோலக் கையை உள்ளே விட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்தார். முன்னா எழுந்து வெளியே போனான்.

“அன்னிக்குச் சாயங்காலமே எங்கிட்டச் சொல்லீட்டாருங்க” என்றார்.

“என்னன்னுங்க?”

“சோறு போட்டுட்டு இருந்தனுங்க. பட்டுச்சு, லேசாப் பட்டுச்சு, பையன் பாத்துட்டான்னு சொல்லிச் சிரிச்சாருங்க. அப்பறம் ஏன் இல்லீன்னு சொன்னீங்கன்னு நானும் கேட்டேன். இப்பச் சொன்னா மட்டும் கப்பு வந்துருமான்னாரு. அத்தோட விட்டுட்டாருங்க. நானும் மறந்தே போயிட்டனுங்க.”

பன்னிரண்டு வருடமாக நான் நினைத்திருந்தது வேறு. உங்களுக்கே தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். தறிச் சத்தத்தில், அந்த வேகத்தில், பேட் பிடித்தவனுக்கே தெரியாமல் உரசியிருக்கும், அவர் நம்பித்தான் பேசுகிறார், அவரும் ஏமாந்தவர்தான் என்று. உங்களுக்காக இப்படி ஒரு நியாயத்தை நானே செய்து வைத்திருந்தேன். கீப்பரைத் திரும்பிப் பார்த்தீர்களே, அதைக்கூடப் பல நாள் எனக்கு நானே மழுப்பியிருக்கிறேன். ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால் அந்த நியாயத்தையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை.

“எங்கம்மா உங்க கம்பெனில செக்கிங்ல இருந்தாங்க” என்றேன்.

“தெரியுமுங்க” என்றார்.

“பைனல் அன்னிக்கு மைக்குல இதச் சொல்லோணுமுங்க.”

மடித்த சட்டையை அவர் பார்த்தார். உங்கள் முகம் மேலே இருக்கும்படிதான் மடித்திருந்தார். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். “சொல்றனுங்க” என்றார்.

நேற்று சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளத்துக்குள் பந்தல், உங்கள் படத்துக்கு ஆள் உயர மாலை. தறிக்கூடம் இப்போது குடோனாகிவிட்டது, சத்தம் இல்லை, அவர் பேசியது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. “பன்னெண்டு வருசத்துக்கு முன்னால பைனல்ல அவரு அவுட்டுதானுங்க. பேட்ல பட்டுச்சுன்னு அவரே எங்கிட்டச் சொன்னாரு. அருளு சரியாத்தான் குடுத்தாருங்க.” இவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்.

அம்பயர் தொப்பியோடு நான் பிட்ச்சில் நின்றிருந்தேன், இரண்டு டீமும் இறங்கக் காத்திருந்தது. அப்போது குமார் மைக்கைப் பிடித்தான். அவன் குரல் உடைந்திருந்தது. “பாத்தீங்களா! எங்க அண்ணனோட மனசப் பாத்தீங்களா! தப்பு எம்மேலதான்னு ஊட்ல ஒத்துக்கிட்டாரு பாருங்க! எத்தன பேருத்துக்கு வருமுங்க அந்த மனசு? அதானுங்க எங்க கேப்டன்!” என்றான். கரை முழுக்கக் கை தட்டல், விசில். உங்கள் படத்துக்கு இன்னொரு மாலை விழுந்தது.

அவன் வேண்டுமென்றே செய்யவில்லை. அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் பட்டிருக்கிறது. மேட்ச் பார்க்க வந்திருந்த முன்னா என் பக்கம் வந்து, “மேடம் க்யா போலா பாய்?” என்றான், என்ன சொன்னார் என்று. அன்றைக்குக் கேப்டன் அவுட் என்று சொன்னார் என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். அவன் கை தட்டுகிறவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அச்சா. தோ?” என்றான். சரி, அதனால் என்ன என்று கேட்கிறான். ஸ்டம்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன். உங்கள் முகத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நின்றேன். ஒரு முடிவுக்கும் யாரும் முணுமுணுக்கவில்லை.

குமாரோடு எனக்கு வழக்கில்லை, ஊரோடும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் கேட்க இருக்கிறது. என் அம்மா தினமும் உங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனாள். பல நாள் நீங்கள் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “நல்லாருக்கீங்களாம்மா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவளே வந்து சொல்வாள். “என்ன மருவாதி பாரு! அந்தத் தம்பி மேலயா நீ கோவப்பட்ட?” என்பாள். கண்ணாடி இறங்கியிருந்த அந்த நேரத்தில் ஒரு வார்த்தை. ஊரைக் கூட்ட வேண்டாம், மைக் வேண்டாம், கோப்பை வேண்டாம். ‘உங்க பையன் சரியாத்தான் குடுத்தானுங்கம்மா.’ சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருப்பாள், கால் வீங்கியிருக்கும், எல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து என் முகத்தை மட்டும் வேறு மாதிரி பார்த்திருப்பாள்.

நான் செய்யாத ஒன்றுக்காக அவள் என்னை மன்னித்தாள். மன்னித்தபடியே போய்விட்டாள். அந்த மன்னிப்பு என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு அது உதவாது, அவளிடம் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. உங்களுக்கென்று என்னிடம் மன்னிப்பு எதுவும் இல்லை. நேற்று உங்கள் படத்துக்கு மாலை போட்டவர்கள் தந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.